யானை வேலியின் பற்றறியை அளத்தல்: இரு கம்பிகளில் ஒரு சில்லுடன் பேசுவது எவ்வாறு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வெள்ளாமை கதிர்விடும் காலத்தில், யானை வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்குமா இல்லையா என்பது பல இடங்களில் ஒரு 12 வோல்ற் பற்றறியின் நிலையைப் பொறுத்தே தீர்மானமாகிறது. காட்டோரத்து மின்வேலிக்குத் துடிப்பு அனுப்பும் எனர்ஜைசர், பகலில் சோலார் பனல் நிரப்பிவைக்கும் பற்றறியைக் கொண்டே இரவு முழுவதும் இயங்குகிறது. வடகீழ்ப் பருவமழை மார்கழியில் நாலைந்து நாட்கள் விடாமல் பெய்தால் பனலில் வெயில் படுவதில்லை, பற்றறி இறங்குகிறது, வேலியின் துடிப்பு பலவீனமாகிவிட்டதை வாடியில் காவலிருப்பவர்களுக்கு முன்னரே யானை கண்டுகொள்கிறது. ஆகவே பற்றறிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்பதை இரவும் பகலும் அளந்து எழுதிவைக்கும் ஒரு சிறு கருவி இங்கே மிகவும் தேவைப்படும் பொருளாகும்.

வோல்ற்மானி ஒன்று மட்டும் இதற்குப் போதாது. ஈய அமிலப் பற்றறி முழுமையாக நிரம்பி, சில மணி நேரம் சும்மா இருந்த பின்னர் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். பாதி இறங்கிய நிலையில் ஏறக்குறைய 12.2 வோல்ற் காட்டும். முழுமைக்கும் பாதிக்கும் இடையில் அரை வோல்ற்றுக்கும் குறைவான வேறுபாடே இருக்கிறது. அதையும் பற்றறி ஓய்வில் இருக்கும்போதுதான் நம்ப முடியும், ஆனால் யானை வேலியின் பற்றறிக்கு ஓய்வு என்பதே கிடையாது. எனவே மின்னழுத்தத்துடன் மின்னோட்டத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். இவ்வேலையைச் செய்யும் சில்லுகளில் நம் மாணவர்கள் கையில் அதிகம் புழங்குவது ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஐ.என்.ஏ.219 ஆகும். சில்லை வாங்குவதும் கம்பி பொருத்துவதும் இலகுவானவை. அதனுடன் பேசுவதிலேயே பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன என்பதும், அப்பிழைகளில் மிகவும் ஆபத்தானவை நம்பத்தகுந்த எண்களாகவே தோன்றுகின்றன என்பதும் என் அனுபவம்.

சில்லின் வேலை எளியது. மின்னோட்டத்தின் பாதையில் மிகச் சிறிய பெறுமானமுள்ள ஒரு தடையி வைக்கப்படுகிறது. கடையில் கிடைக்கும் தொகுதிப் பலகைகளில் இது 0.1 ஓம் ஆகும். அத்தடையியின் இரு முனைகளுக்கிடையே விழும் மின்னழுத்தத்தைச் சில்லு 10 மைக்ரோவோல்ற் படிகளில் எண்ணுகிறது. 0.1 ஓமுக்கு 10 மைக்ரோவோல்ற் என்றால் 0.1 மில்லியம்பியர், அதாவது ஓர் எண்ணிக்கை அந்த அளவு மின்னோட்டத்தைக் குறிக்கும். தடையியில் 320 மில்லிவோல்ற் வரை அளக்க முடியும் என்பதால் உச்சம் 3.2 அம்பியர் ஆகிறது. இதைத் தவிர, பற்றறியின் மின்னழுத்தத்தையும் 4 மில்லிவோல்ற் படிகளில் எண்ணுகிறது. இவ்விரண்டுமே அது உண்மையில் அளப்பவை. மின்னோட்டம், வலு ஆகிய மற்ற இரண்டும் உள்ளே செய்யப்படும் பெருக்கற்கணக்குகள் மட்டுமே. இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருந்தால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி தானாகவே தீரும்.

இந்த எண்கள் 16 பிட் அகலமுள்ள ஆறு பதிவேடுகளில் இருக்கின்றன: 0 அமைப்பு, 1 தடையி மின்னழுத்தம், 2 பற்றறி மின்னழுத்தம், 3 வலு, 4 மின்னோட்டம், 5 அளவுத்திருத்தம். இவற்றை வாசிப்பதற்கான வழி ஐ2சி என்னும் தொடர்வழியாகும். தொலைக்காட்சிப் பெட்டி போன்ற கருவிகளுக்குள் சில்லுகள் குறைந்த கம்பிகளில் பேசிக்கொள்வதற்காக பிலிப்ஸ் நிறுவனம் 1982இல் உருவாக்கிய இம்முறையில், தரவுக்கு எஸ்.டி.ஏ. என்ற ஒரு கம்பியும், ஒவ்வொரு பிட்டும் எப்போது செல்கிறது என்று காட்டும் தாளத்துக்கு எஸ்.சி.எல். என்ற ஒரு கம்பியும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு தடையி மேலே, அதாவது மின்வழங்கலின் மின்னழுத்தத்தை நோக்கி, இழுத்துப் பிடித்திருக்கும். பேச விரும்புபவர் கீழே இழுப்பார். எவரும் மேலே தள்ளுவதில்லை. அதனால் இருவர் ஒரே நேரத்தில் பேச முற்பட்டாலும் சில்லு எரிவதில்லை.

பற்றறி மின்னழுத்தத்தை வாசிக்கும் முழு உரையாடலையும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. சில்லின் முகவரிக் கால்கள் இரண்டும் தரையுடன் இணைந்திருக்கும்போது அதன் முகவரி பதினறும எண்ணில் (0 முதல் 9 வரையும் பின்னர் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதும் முறையில்) 40 ஆகும். இனி வரும் முகவரிகளும், கம்பியில் செல்லும் பைட்டுகளும், பதிவேடுகளில் இருக்கும் எண்களும் இம்முறையிலேயே எழுதப்படுகின்றன. முகவரி ஏழு பிட்டுகளே உடையது. எட்டாவது பிட் எழுதுவதா வாசிப்பதா என்பதைச் சொல்கிறது. ஆகவே கம்பியில் 40 என்பது எழுதும்போது 80 ஆகவும் வாசிக்கும்போது 81 ஆகவும் செல்கிறது. நிரலை இயக்கும் சிறு கணினிச் சில்லான நுண்கட்டுப்படுத்தி முதலில் தொடக்கக் குறி கொடுத்து 80 என்கிறது. சில்லு ஒன்பதாவது தாளத்தில் கம்பியைக் கீழே இழுத்து, கேட்டேன் என்கிறது. அடுத்து 02 என்று பதிவேட்டின் இலக்கம் செல்கிறது; மீண்டும் ஒப்புதல். பின்னர் மறுபடியும் தொடக்கக் குறி, 81, ஒப்புதல். இப்போது சில்லு பேசுகிறது: 62 என்கிறது, நுண்கட்டுப்படுத்தி ஒப்புதல் கொடுக்கிறது, 72 என்கிறது, நுண்கட்டுப்படுத்தி ஒப்புதல் கொடுக்காமல் நிறுத்தக் குறியிட்டு முடிக்கிறது. மொத்தம் ஐந்து பைட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது தாளங்கள். விநாடிக்கு ஒரு இலட்சம் தாளம் என்ற சாதாரண வேகத்தில் அரை மில்லிவிநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சில்லு தந்த எண் 6272. உயர்ந்த பைட்டு முதலில் வருகிறது என்பதையும், கடைசி மூன்று பிட்டுகள் மின்னழுத்தத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதையும் அறிந்தவர் இதை மூன்று பிட் இடம் வலப்பக்கம் நகர்த்தி, பதின்ம எண்ணில் 3150 என்று பெறுவார்; 4 மில்லிவோல்ற்றால் பெருக்க 12.60 வோல்ற் வரும். நகர்த்த மறந்தவருக்கு 100.8 வோல்ற் வரும். அது பிழை என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும் என்பதால் அதனால் பெரிய தீங்கு நேராது.

பைட்டுகளின் வரிசை மாறுவது அப்படிப்பட்டதல்ல. நாங்கள் சிலர் சேர்ந்து வட்டை ஓரத்தில் முதன்முதலில் இதைப் பொருத்தியபோது, வீட்டு மேசையில் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியில் எழுதிய நிரலையே அப்படியே கொண்டுசென்றோம். பற்றறி மின்னழுத்தம் 14.64 வோல்ற் என்று திரையில் வந்தது. ஈய அமிலப் பற்றறி நன்றாக நிரம்பிக்கொண்டிருக்கும்போது காட்டக்கூடிய எண்தான் அது. எவருக்கும் சந்தேகம் வரவில்லை. சற்று நேரத்தில் 13.62 என்றது, பின்னர் 15.66 என்றது, மறுபடியும் 14.64. பனலுக்கும் பற்றறிக்கும் இடையிலுள்ள சார்ஜ் கன்ட்ரோலர் பழுதாகிவிட்டது என்று முடிவுசெய்து, மட்டக்களப்பு நகருக்குப் போய் வேறொன்று வாங்கிவந்து மாற்றினோம். எண்கள் அதேபோல் துள்ளின. பல்மானியை (மல்டிமீற்றரை) வைத்துப் பார்த்தபோதுதான் பற்றறி 12.60 வோல்ற்றில் அசையாமல் நிற்பது தெரிந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை அதுவே.

நடந்தது இதுதான். சில்லு 62, 72 என்று அனுப்பியது. நிரல் அதை 7262 என்று எடுத்துக்கொண்டது. 7262ஐ மூன்று பிட் இடம் நகர்த்தினால் பதின்ம எண்ணில் 3660, அதாவது 14.64 வோல்ற். உண்மையான மின்னழுத்தம் ஒரேயொரு படி, 4 மில்லிவோல்ற் மட்டும் ஏறினால், சிறிய பைட்டு என்று கருதப்பட வேண்டியது பெரிய பைட்டின் இடத்தில் இருப்பதால், காட்டப்படும் எண் ஒரு வோல்ற்றுக்கு மேல் தாவுகிறது. இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. ஐ2சி விதிகள் பைட்டுகளின் வரிசையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதை ஒவ்வொரு சில்லைச் செய்தவரும் தீர்மானிக்கிறார். ஆனால் மடிக்கணினிப் பற்றறிகளுக்காக இன்டெல், டியூரசெல் நிறுவனங்கள் ஐ2சியின் மேல் கட்டியெழுப்பி 1995இல் வெளியிட்ட எஸ்.எம்.பஸ் விதிகள், இரண்டு பைட்டுச் சொல்லில் சிறிய பைட்டே முதலில் வர வேண்டும் என்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் சொல் வாசிக்கும் கட்டளை அவ்விதியைப் பின்பற்றுகிறது. ஐ.என்.ஏ.219 பெரிய பைட்டை முதலில் அனுப்புகிறது. இருவரும் தத்தம் விதிப்படி சரியாகவே நடந்துகொண்டிருக்க, நடுவில் நின்ற எங்களுக்கு ஒரு சார்ஜ் கன்ட்ரோலரின் விலை போயிற்று.

அன்றிலிருந்து, பிறர் எழுதிவைத்த எந்த நிரல் நூலகத்தை நம்புவதற்கும் முன்னர் அமைப்புப் பதிவேட்டை நேரடியாக வாசித்துப் பார்ப்பதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். மின்சாரம் வந்தவுடன் அதில் 399எஃப் இருக்க வேண்டும் என்று தரவுத்தாள் சொல்கிறது. 399எஃப் வந்தால் முகவரி, கம்பிகள், பைட்டு வரிசை மூன்றும் சரி. 9எஃப்39 வந்தால் வரிசை தலைகீழ். எல்லாமே எஃப் ஆக வந்தால் அங்கே எவரும் பேசவில்லை, கம்பியை மேலே இழுக்கும் தடையியை மட்டுமே நாம் வாசிக்கிறோம். எதிர்பார்க்கும் விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கேள்வி இப்படிக் கைவசம் இருப்பது பெரிய வசதியாகும்.

பற்றறியிலிருந்து வெளியேறும் ஓட்டத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தடையியைப் பற்றறியின் நேர்முனையில், சில்லின் எதிர் உள்ளீடு பற்றறிப் பக்கம் இருக்குமாறு வைத்தால், நிரம்பும்போது நேர் எண்ணும் இறங்கும்போது எதிர் எண்ணும் வரும். சில்லு மின்னழுத்தத்தை அளப்பது அந்த எதிர் உள்ளீட்டில் என்பதால் பற்றறியின் சொந்த மின்னழுத்தமே கிடைக்கும். எதிர் எண்கள் உயர்தரத் தகவல் தொழில்நுட்ப மாணவர்கள் படிக்கும் அதே இரண்டின் நிரப்பி முறையில் இருக்கின்றன. 1.2 அம்பியர் வெளியேறும்போது பதிவேட்டில் டி120 இருக்கும். இதைக் குறியற்ற எண்ணாக வாசித்தால் 5.35 அம்பியர் நிரம்புவதாகத் தோன்றும்.

மின்னோட்டப் பதிவேட்டுக்கு வருவோம். தடையியின் பெறுமானம் என்ன என்பது சில்லுக்குத் தெரியாது. அதை நாமே அளவுத்திருத்தப் பதிவேட்டில் எழுதிச் சொல்ல வேண்டும். எழுத வேண்டிய எண், 0.04096ஐ, ஓர் எண்ணிக்கைக்குரிய அம்பியராலும் தடையியின் ஓமாலும் வகுத்தால் வருவது. எண்ணிக்கைக்கு 0.1 மில்லியம்பியர், தடையி 0.1 ஓம் எனில் 4096. சில்லு உள்ளே செய்வது, தடையிப் பதிவேட்டின் எண்ணை இந்த எண்ணால் பெருக்கி 4096ஆல் வகுப்பது மட்டுமே. ஆகவே மேற்சொன்ன அமைப்பில் மின்னோட்டப் பதிவேடும் தடையிப் பதிவேடும் ஒரே எண்ணையே காட்டும். வலுப் பதிவேட்டின் ஓர் எண்ணிக்கை மின்னோட்ட எண்ணிக்கையின் இருபது மடங்கு, இங்கே 2 மில்லிவாற்று.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் இது: மின்சாரம் வந்தவுடன் அளவுத்திருத்தப் பதிவேட்டில் பூச்சியமே இருக்கிறது. பூச்சியத்தால் எதைப் பெருக்கினாலும் பூச்சியம். எனர்ஜைசர், துடிப்புக்கான மின்னைச் சேர்த்துவைக்கும் தன் கொள்ளளவியை நிரப்பும்போது பற்றறியிலிருந்து திடீரென்று ஓட்டத்தை இழுக்கிறது. பழைய பற்றறி, மெல்லிய கம்பி, உப்புக்காற்றில் பச்சை பிடித்த இணைப்பு ஆகியவற்றில் ஏதாவதொன்று இருந்தால் அந்தக் கணத்தில் சில்லுக்குப் போகும் மின்சாரம் ஒரு நொடி தாழ்ந்து, சில்லு மீண்டும் பிறக்கிறது. நுண்கட்டுப்படுத்தி அதை உணர்வதில்லை. அதற்குப் பிறகு மின்னழுத்தம் சரியாக வந்துகொண்டே இருக்கும்; மின்னோட்டம் மட்டும் பூச்சியமாக இருக்கும். காலையில் பதிவைப் பார்ப்பவர், வேலி இரவு இரண்டு மணிக்கு நின்றுவிட்டது என்று நினைத்து வரம்பு வழியாக ஓடுவார். வேலியோ துடித்துக்கொண்டே இருந்திருக்கும். மின்னழுத்தம் சரி, மின்னோட்டம் துல்லியமாகப் பூச்சியம் என்ற இந்தச் சேர்க்கையைக் கண்டால் முதலில் அளவுத்திருத்தப் பதிவேட்டை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னர் அதை மீண்டும் எழுதிவிடுவது ஒரு வழி. பரவலாகப் பயன்படும் சில நூலகங்கள் அப்படியே செய்கின்றன. நான் விரும்புவது வேறு வழி: மின்னோட்டப் பதிவேட்டையே விட்டுவிட்டு, தடையிப் பதிவேட்டை வாசித்து, ஓமால் வகுக்கும் வேலையை நிரலிலேயே செய்வது. சில்லு மீண்டும் பிறந்தாலும் தடையிப் பதிவேடு உண்மையே சொல்லும்.

தடையியை மாற்றுபவர்களுக்கும் இது உதவும். 40 வாற்று பனல் நல்ல வெயிலில் ஏறக்குறைய 2.3 அம்பியர் தரும், 0.1 ஓமில் அது 0.23 வோல்ற் விழச்செய்கிறது. தடையி கன்ட்ரோலருக்கும் பற்றறிக்கும் இடையில் இருப்பதால், பற்றறி உண்மையில் உள்ளதைவிட 0.23 வோல்ற் உயர்ந்திருப்பதாகக் கன்ட்ரோலர் கருதி, ஓட்டத்தை முன்கூட்டியே குறைத்துவிடும். வெயில் அரிதான மார்கழியில் இந்த இழப்பைத் தாங்க முடியாது. அதனால் 0.01 ஓம் தடையி வைப்பதே நல்லது. எண்ணிக்கை அப்போது 1 மில்லியம்பியர் ஆகும். நூலகத்துக்குள் 0.1 ஓம் என்று எழுதியிருப்பதை மாற்ற மறந்தால் எல்லா மின்னோட்டமும் பத்திலொன்றாகவே வரும்.

இனி நேரத்தைப் பற்றிய விடயம். யானை வேலியை அளப்பதில் எனக்கு மிகவும் கவனத்துக்குரியதாகத் தோன்றுவது இதுவே. எனர்ஜைசர் தொடர்ச்சியாக ஓட்டம் இழுப்பதில்லை. மின்வேலிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்பு நியமம் விநாடிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துடிப்பை அனுமதிப்பதில்லை. வேலியில் சிக்கியவர் கையை விலக்கிக்கொள்வதற்கான அவகாசம் அந்த இடைவெளியே. 230 வோல்ற் வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது அதனால்தான் மனிதரையும் யானையையும் ஒருங்கே கொல்கிறது: அதில் இடைவெளி இல்லை. நம் கணக்குக்கு வந்தால், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னரும் ஓட்டம் ஏறி, கொள்ளளவி நிரம்ப நிரம்பத் தணிகிறது. சில்லோ தொடக்க அமைப்பில் ஓர் அளவீட்டுக்கு 532 மைக்ரோவிநாடி மட்டுமே எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு ஒருமுறை வாசிக்கும் நிரல், அந்த விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கை மட்டும் பார்த்துவிட்டு முழு விநாடியும் அப்படித்தான் என்று எழுதிவைக்கிறது. துடிப்பின் சுற்று 1.25 விநாடியாக இருந்தால், வாசிப்புகள் சுற்றின் ஐந்தே இடங்களில் மாறிமாறி விழும். வாசிப்பும் துடிப்பும் ஒரே கால அளவில் அமைந்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் சுற்றின் அதே இடம் அகப்படும், எண் அசையாமல் நிற்கும், அசையாமல் நிற்பதாலேயே நம்பிக்கையூட்டும், ஆனால் சராசரிக்கும் அதற்கும் எத்தொடர்பும் இராது.

இதற்கான மருந்து அமைப்புப் பதிவேட்டிலேயே இருக்கிறது. 128 அளவீடுகளின் சராசரியைச் சில்லே எடுக்குமாறு கேட்கலாம், அதற்கு 68.1 மில்லிவிநாடி செல்லும். மின்னழுத்தத்துக்கும் தடையிக்கும் இப்படிக் கேட்பதானால் எழுத வேண்டிய எண் 3எஃப்எஃப்எஃப். ஆயினும் இரண்டையும் மாறிமாறி அளக்கும்போது நேரத்தில் பாதி மின்னழுத்தத்துக்குப் போய்விடுகிறது. அந்தப் பாதியில் ஓட்டம் என்ன ஆனது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே 3எஃப்எஃப்டி என்று எழுதி, தடையியை மட்டும் இடைவிடாமல் அளக்கச்செய்து, 68 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வாசித்துக் கூட்டிவருவதும், நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் மின்னழுத்தத்துக்காக அமைப்பை மாற்றுவதும் நாங்கள் கடைப்பிடிக்கும் முறையாகும். சில்லின் வலுப் பதிவேடு இந்த முறையில் பழைய மின்னழுத்தத்தையே பயன்படுத்தும் என்பதால் அதைப் பொருட்படுத்தக் கூடாது.

கம்பிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐ2சி ஒரு பலகைக்குள் பேசுவதற்காகப் பிறந்தது. கம்பியின் மொத்தக் கொள்ளளவம் 400 பைக்கோபரட்டைத் தாண்டக் கூடாது. கம்பியை மேலே இழுப்பது தடையி மட்டுமே என்பதால், 10 கிலோஓமும் 400 பைக்கோபரட்டும் சேர்ந்தால் ஏற்றத்துக்கு 3.4 மைக்ரோவிநாடி ஆகும். சாதாரண வேகத்துக்கு அனுமதிக்கப்பட்டதோ 1 மைக்ரோவிநாடி. 2.2 கிலோஓம் வைத்தால் 0.75 ஆகக் குறையும். இதைவிட நல்லது, சில்லையும் நுண்கட்டுப்படுத்தியையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, பற்றறியின் தடித்த கம்பிகளை அப்பெட்டிக்குக் கொண்டுவருவதாகும். வேலியின் துடிப்பு பல ஆயிரம் வோல்ற். அதன் அருகே நீண்டு ஓடும் தரவுக் கம்பி அந்தத் துடிப்பையும் பிடித்துக்கொள்ளும். வேலிக்கு மண்ணில் அடித்திருக்கும் புவிக்கம்பியை எக்காரணம் கொண்டும் இப்பெட்டியின் தரைக்கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது.

உரையாடலின் நடுவே நுண்கட்டுப்படுத்தி மீண்டும் தொடங்கிவிட்டால், பதில் சொல்லிக்கொண்டிருந்த சில்லு எஸ்.டி.ஏ. கம்பியைக் கீழே பிடித்தபடியே காத்திருக்கக்கூடும். ஐ.என்.ஏ.219 ஏறக்குறைய 28 மில்லிவிநாடிக்குப் பின்னர் தானாகவே விட்டுவிடும். அதே கம்பிகளில் இருக்கும் வேறு சில்லுகள் எல்லாம் அப்படி விடுவதில்லை. தொடங்கும்போது எஸ்.சி.எல். கம்பியில் ஒன்பது தாளம் கொடுத்து நிறுத்தக் குறியிடுவது எல்லாவற்றையும் விடுவிக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் பார்க்க எச்.டி.யு.21 உணரியைச் சேர்ப்பவர்கள் அதன் முகவரியும் 40 என்பதைக் கவனிக்க வேண்டும். இருவரும் ஒரே பெயருக்கு எழுந்து நின்றால் விடை கலங்கும். மின்னளவுச் சில்லின் முதலாவது முகவரிக் காலை மின்வழங்கலுடன் இணைத்தால் அது 41 ஆகிவிடும்.

இவையெல்லாம் சரியாக அமைந்த பின்னர் எஞ்சியிருப்பது கூட்டற்பிழை. ஓட்டமே இல்லாதபோதும் சில்லு சில எண்ணிக்கைகள் காட்டலாம். 0.01 ஓம் தடையியில் ஐந்து எண்ணிக்கை என்றால் 5 மில்லியம்பியர். ஒரு நாளில் 120 மில்லியம்பியர் மணி, ஒரு மாதத்தில் 3.6 அம்பியர் மணி. பற்றறியின் கம்பியைக் கழற்றிவைத்து அந்த எண்ணிக்கையை ஒருமுறை வாசித்து எழுதிக்கொண்டு, பின்னர் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் கழித்துவிட வேண்டும். அதன் பிறகும் மிஞ்சும் சிறு பிழைக்கு, நல்ல வெயில் நாளொன்றில் மின்னழுத்தம் உயர்ந்து நிரம்பும் ஓட்டம் தணிந்துவிட்டதைக் கண்டவுடன், பற்றறி நிரம்பிவிட்டது என்று கணக்கை அங்கிருந்து புதிதாகத் தொடங்குமாறு நிரலை எழுதியிருக்கிறோம். மழை நாட்களில் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை என்பதால், கார்த்திகை பிறப்பதற்கு முன்னர் ஒருமுறை கையாலேயே அதைச் செய்துவைக்கிறோம்.